குரவை பிழைத்த கிணறு

எங்கள் கிணற்றில் கெண்டைகள் செத்து மிதந்த சித்திரையில்தான் நான் பி.எஸ்ஸி. பரீட்சை முடித்து எங்கள் ஊர் மண்ணரைக்குத் திரும்பினேன். எழுபத்து மூன்றாம் வருஷம். கோயமுத்தூரில் பெண்கள் விடுதியில் தங்கி விலங்கியல் படித்திருந்தேன். தெருவில் எல்லோரும் செத்த மீன்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. யாராவது நேராகப் பார்த்துக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எங்கள் தெருவுக்கு ஒரே கிணறு. சுற்றியுள்ள வீடுகள் எல்லாம் எங்கள் சனம். முன்பு தறி போட்டார்கள், இப்போது பாதி வீடுகளில் பனியன் துணி வெட்டித் தைக்கிறார்கள். எல்லோரும் முருகனுக்குக் கிருத்திகை விரதம் பிடிக்கிறவர்கள், சைவம். மீன் எங்களுக்குச் சாப்பிடுகிற பொருள் அல்ல. அது கோயில் குளத்தில் இருக்கும், பொரி போட்டால் வரும். கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று கிணற்றில் கெண்டைக் குஞ்சுகளை விட்டுவைப்பார்கள். மீன் ஓடுகிற கிணறு நல்ல கிணறு. அதற்கு மேல் எங்கள் தெருவில் யாரும் தண்ணீரைச் சோதித்ததில்லை.

கிணற்றுக்குக் கிழக்கே ஒரு மண்சுவர். அதைத் தாண்டி என் சித்தப்பா குமாரவேலின் சலவைப்பட்டறை. பழுப்பாக வரும் பனியன் துணியைச் சோடா போட்டு வேகவைப்பார்கள். பிறகு தொட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைத்து, ஆட்கள் உள்ளே இறங்கி மிதிப்பார்கள். மாலையில் அவர்கள் வெளியே வரும்போது பாதங்கள் வெளிறி, தோல் உரிந்து, தண்ணீரில் ஊறிய ரொட்டி போல இருக்கும். தொட்டித் தண்ணீர் எல்லாம் பின்னால் வெட்டியிருந்த ஒரு குழிக்குப் போகும். குழியின் மேல் ஏடு படிந்திருக்கும். காற்று அடித்தால் ஏடு சுருங்கும், கிழியாது. முதலில் மூக்கில் ஏறுவது பிளீச்சிங் பவுடர். அதன் அடியில் புளித்த கஞ்சியின் நாற்றம். அதற்கும் அடியில் என்னவென்று சொல்லத் தெரியாத ஒன்று. துணி மட்டும் அங்கிருந்து வெள்ளையாக வெளியே போகும்.

மீன் செத்த பிறகு தெரு அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை நிறுத்தியது. பெண்கள் கோயிலுக்கு அப்பாலுள்ள கிணற்றுக்குக் குடம் எடுத்துப் போனார்கள். நல்ல தூரம். அங்கேயும் கூட்டம். என் அக்கா கண்ணம்மாள் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். அம்மா அவளைக் குடம் தூக்க விடவில்லை. சுமந்து கொண்டுவந்த தண்ணீரை ஒவ்வொரு டம்ளராகத்தான் கொடுத்தாள்.

என் அப்பா சென்னியப்பன்தான் தெருவுக்குப் பெரியதனம். ஒரு நாள் ஆண்கள் எல்லாம் எங்கள் வாசலில் கூடினார்கள். நான் ஜன்னலுக்கு இந்தப் பக்கம் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"வெயிலுக்குச் செத்த மீனுக்கு என்ற பட்டறை மேல பழி போட்டா எப்படீங்ணா?" என்று சித்தப்பா அப்பாவிடம் கேட்டார். "நாளைக்கு யாரூட்டு எரும செத்தாலும் குமாரவேலு சோடாவுலதான் செத்துதும்பீங்களாட்ட இருக்குது."

சிரித்தார்கள். சித்தப்பா எப்போதும் சிரிக்க வைப்பார்.

"ஒண்ணு பண்ணுவோமுங்க. புது மீனு உடுவோம். இந்தக் கிருத்திகைக்கு உட்டு, அடுத்த கிருத்திகை வரைக்கும் பாப்போம். மீனு செத்துதுன்னா என்ற குழியை நானே மண்ணைப் போட்டு மூடிப்புடறேன். பொழைச்சுதுன்னா தண்ணி நல்லதுங்க. கிணத்தைத் தொறந்துட்டு அவியவிய சோலியைப் பாக்கலாம்."

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. அப்பா சம்மதித்தார்.

எங்கள் தெருவில் இன்னொரு வழக்கமும் உண்டு. குடிப்பதை நிறுத்திவைத்த கிணற்றை மறுபடி திறக்கும்போது, முதல் சொம்புத் தண்ணீரை வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவள் குடிக்க வேண்டும். அவள் குடித்த பிறகே மற்றவர்கள் குடிதண்ணீருக்குக் குடம் இறக்குவார்கள். அப்போது தெருவில் அப்படி இருந்தவள் அக்கா ஒருத்திதான்.

கிருத்திகை அன்று சித்தப்பாவின் பட்டறை ஆள் ஒருவர் ஒரு தகர டின்னில் மீன்களைக் கொண்டுவந்தார். நொய்யல் ஆற்றோரக் குட்டையில் பிடித்ததாம். டின்னுக்குள் கறுப்பாக ஏதோ நெளிந்ததை எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கற்பூரம் காட்டிக் கிணற்றில் கவிழ்த்தார்கள். அவை செத்து மிதக்கவில்லை. வாரம் போகப்போகத் தெருவின் முகம் தெளிந்தது. அம்மாகூட, "பொழைச்சுக் கெடக்குது பாரு," என்று என்னிடம் சொன்னாள்.

அம்மா என்னிடம் மீனைப் பற்றிப் பேசியது அதுவே முதல் தடவை. கல்லூரியில் நான் மீன் அறுத்தேன் என்பதை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, அரப்புத் தேய்த்துக் குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். அப்படியும் சோற்றுப் பானையில் என் கை படக் கூடாது.

ஒரு மத்தியானம், கிணற்றடியில் யாரும் இல்லாதபோது போய் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் அசையாமல் இருந்தது. அதன் மேல் மெல்லிய எண்ணெய் போல ஒரு பளபளப்பு. சிறிது நேரத்தில் ஒரு மீன் மேலே வந்தது. கறுப்பு உடம்பு, பாம்பின் தலை போன்ற தலை. மூக்கைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி ஒரு வாய் காற்றை விழுங்கியது. ஒரு குமிழியை விட்டுவிட்டுக் கீழே போனது. நான் அங்கேயே நின்றேன். அது திரும்பவும் வந்தது. திரும்பவும் விழுங்கியது.

குரவை.

அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தலைக்குள், செவுளுக்கு மேலே, இரண்டு பக்கமும் ஒரு குழிவு உண்டு. விழுங்கிய காற்றை அதில் வைத்துக்கொண்டுதான் அது மூச்சு விடுகிறது. வற்றிச் சேறாகிவிட்ட குட்டையில் மற்ற மீன்கள் எல்லாம் செத்த பிறகும் குரவை இருக்கும். தண்ணீரில் காற்று கரைந்திருக்கிறதா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கெண்டைக்கு அப்படி இல்லை. தண்ணீர் கெட்டால் அது செத்துப்போகும்.

கடைசி வருஷம் எங்கள் ஆசிரியை ஒரு வெளிநாட்டுச் சஞ்சிகையிலிருந்து எங்களுக்குப் படித்துக் காட்டியிருந்தார். ஆற்று நீரைச் சீசாவில் பிடித்துச் சோதிப்பதோடு நிற்காமல், அதில் வாழும் மீன், புழுக்களில் யார் இருந்தார்கள், யார் போய்விட்டார்கள், புதிதாக யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்து அதன் நிலையைச் சொல்ல முடியுமா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பாடம் பிடித்திருந்தது. கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எங்கள் தெரு செய்வதும் அதைத்தான் என்று தோன்றியது. ஆனால் தெருவுக்கு மீன் என்றால் மீன். எந்த மீன் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

வாளியை இறக்கி மொண்டேன். அடியில் சிவப்பு நூல்கள் கிடந்தன. நூல்கள் நெளிந்தன. அந்தப் புழுவையும் எனக்குத் தெரியும். காற்று குறைந்த சேற்றில் வாழும். கிடைக்கிற கொஞ்சத்தையும் பிடித்துவைத்துக்கொள்ள அதன் உடம்பில் நம்முடைய இரத்தத்தில் இருப்பதைப் போன்ற ஒரு சிவப்பு உண்டு. அதை நோட்டில் வரைந்து நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன். இப்போது அது அம்மாவின் வாளியில் கிடந்தது. அந்தத் தண்ணீரில்தான் இன்னும் பாத்திரம் கழுவினோம். பனியன் துணியில் வடிகட்டி, துணியை உதறிவிட்டு, "அவ்வளவுதான், சரியாப் போச்சு," என்பாள் அம்மா. உதறிய இடத்தில் சிவப்பாக ஏதோ துடித்துக் காய்ந்துபோகும்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் போனேன். அவர் நூல் சிட்டத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கிணத்துல இருக்கறது கெண்டை இல்லீங்கப்பா."

"பின்னே?"

"குரவைங்க. அது மேல வந்து காத்தை முழுங்குமுங்க. தண்ணி எப்படி இருந்தாலும் பொழைச்சுக்குமுங்க."

அப்பா என்னைப் பார்த்தார். நான் படித்ததில் அவருக்குப் பெருமை உண்டு. பொறுமையாகவே கேட்டார். "மீனு தண்ணிக்குள்ளதானே இருக்குது கண்ணு?"

"இருக்குதுங்க. ஆனா..."

"தண்ணிக்குள்ள இருக்கறது அந்தத் தண்ணியைத்தானே குடிச்சாகோணும்?"

தலைக்குள் இருக்கும் குழிவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். நான் அறுத்துப் பார்த்தது என்று ஆரம்பிக்க வேண்டும். அம்மா கதவோரம் வந்து நின்றாள். வாய் மூடிக்கொண்டது.

"சித்தப்பன் உன்னைத் தூக்கி வளத்தவன்," என்றார் அப்பா. "பொய் சொல்ற ஆளில்ல."

"அவரு பொய் சொல்லலீங்க. அவருக்கும் தெரியாதுங்க."

"அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்கு மட்டும் தெரியுமாக்கும்?" அவர் கோபப்படவில்லை. சிட்டத்துக்குத் திரும்பிவிட்டார்.

உள்ளே அக்கா படுத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"எனக்குத் தொண்டை காயுது," என்றாள். "ஒரு சொம்புத் தண்ணியை முழுசாக் குடிச்சு எத்தனை நாளாச்சு தெரியுமா? கிணத்தைத் தொறக்கப் போற நேரத்துல வந்து ஏன்டி மறிக்கறே?"

"அது நல்லதில்லக்கா. உன்ற வயித்துல..."

"நீ படிச்சதெல்லாம் செத்த மீனு. உசிரோட இருக்கற மீனைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

அவள் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் வயிறு புடவைக்குள் ஒரு பக்கமாக அசைந்தது. அந்தக் கிணற்றில் என்னென்ன கலந்திருக்கிறது, அது குழந்தையை என்ன செய்யும் என்று நிச்சயமாகச் சொல்ல என்னிடம் ஒரு சோதனைச்சாலை இல்லை. காற்றைக்கூட வைத்திருக்க முடியாத தண்ணீர் என்பது மட்டும் தெரியும். அதை என் அக்கா குடிக்கப்போகிறாள் என்பதும் தெரியும்.

கிருத்திகைக்கு முந்தின நாள் மயிலாத்தாளின் தோட்டத்துக்குப் போனேன். மயிலாத்தாள் பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், கவுண்டர் வீட்டுப் பெண். தோட்டம் ஊருக்கு மேற்கே, பட்டறைகள் எதுவும் இல்லாத மேட்டுப் பக்கம். படி இறங்குகிற கிணறு, அதில் நிறையக் கெண்டைகள்.

"எனக்குக் கொஞ்சம் கெண்டை வேணும் புள்ளே," என்றேன்.

"கொழம்புக்கா?" அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "முதலியாரூட்டுப் புள்ளைக்கு இப்பத்தான் நாக்கு முழிச்சுதா? எங்கம்மா மொளகு அரைச்சுக் குடுப்பா, இரு."

"கிணத்துத் தண்ணியில உட்டுப் பாக்க."

சிரிப்பு நின்றது. "உங்க கிணத்துலயா? அது இங்க வரைக்கும் நாறுதுங்கறாங்க. கெண்டை என்ன புள்ளே பாவம் பண்ணுச்சு?"

நான் குரவையைப் பற்றிச் சொன்னேன். அவளிடம் சொல்லும்போது எனக்குத் திக்கவில்லை.

"குரவையா?" என்று முகம் சுளித்தாள். "சட்டியில போட்டு மூடி வெச்சாக்கூட காலைல கண்ணை முழிச்சுப் பாக்கும். அதை உட்டா பரிச்சை பண்ணுனாங்க உங்காளுங்க? தின்னாதவிய கையில மீனைக் குடுத்தா இப்படித்தான்."

பாவாடையைச் செருகிக்கொண்டு இறங்கி, தாவணியை விரித்து மீன்களை வாரினாள். குடத்தில் அவர்களுடைய தண்ணீரிலேயே விட்டு, வாயை வாழை இலையால் கட்டிக் கொடுத்தாள்.

விடியற்காலையில் இரண்டு குடங்களை வைத்தேன். இரண்டும் ஒரே அளவு. ஒன்றில் தோட்டத்துத் தண்ணீர், மற்றதில் எங்கள் கிணற்றுத் தண்ணீர். மீன்களைச் சமமாகப் பிரித்து விட்டேன். சூரியன் ஏறுவதற்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் இருந்தவை வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. செவுள்கள் வேகவேகமாக அடித்தன. பிறகு ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவற்றின் மேல் கோழை போல ஒரு வெண்படலம் படிந்தது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பக்கத்துக் குடத்தில் மீன்கள் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தன.

எல்லோரும் குளித்து, விபூதி பூசி, கிணற்றடிக்கு வந்தார்கள். சித்தப்பா மாலை வாங்கி வந்திருந்தார். அப்பா புதுக் கயிறு போட்ட வாளியோடு நின்றார். அக்கா கையில் வெள்ளிச் சொம்பு. பேச வேண்டியதை நான் இரவு முழுவதும் மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். இரண்டு குடங்களையும் கொண்டுபோய்க் கிணற்றுச் சுவரின் மேல் வைத்தேன்.

"என்ன அம்மிணி இது?" என்றார் சித்தப்பா.

"ரெண்டுலயும் கெண்டைங்க சித்தப்பா. ஒரே கிணத்து மீனுங்க. இது மயிலாத்தா தோட்டத்துத் தண்ணிங்க. இது நம்ம தண்ணிங்க."

என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. பின்னால் யாரோ, "என்ன சொல்லுது புள்ள?" என்றார்கள்.

"படிச்சவிய பரிச்சை வெச்சிருக்கறாங்கொ," என்று சித்தப்பா உரக்கச் சொன்னார். "பாஸா பெயிலான்னு பாருங்க."

எட்டிப் பார்த்தார்கள். அம்மாதான் முதலில் பார்த்தாள்.

"அது என்ற சோத்துத்தண்ணிக் குடம்," என்றாள். "குடிக்கற குடத்துல பொணத்தைப் போட்டு வெச்சிருக்கறாளே."

எல்லோரும் அந்தக் குடத்தை விட்டு விலகினார்கள். ஒரு பெரியம்மா முந்தானையால் மூக்கை மூடினாள். இன்னொருத்தி காறித் துப்பினாள். கிருத்திகையும் அதுவுமாக உயிர்க்கொலை என்று முணுமுணுத்தார்கள். கிணற்றை விட்டு ஒருவரும் விலகவில்லை. அதன் மேல் சாய்ந்துகொண்டுதான் துப்பினார்கள்.

"குடம் சின்னது, எடம் பத்தலை. மீனு செத்துப்போச்சு," என்றார் சித்தப்பா. "இதுல என்ன இருக்குது?"

"இந்தக் குடமும் அதே அளவுதானுங்க. இதுல சாகலீங்களே."

"அதுக்கு ஆயுசு கெட்டி அம்மிணி."

சிரிப்பு. அதே நேரம் கிணற்றுக்குள் 'ப்ளக்' என்று ஒரு சத்தம். குரவை ஒன்று மேலே வந்து மூக்கை நீட்டியது.

"பாருங்க, பாருங்க," என்றார் சித்தப்பா. "மேல வந்து நம்மளைக் கும்புட்டுட்டுப் போகுது."

சிலர் நிஜமாகவே கை கூப்பினார்கள். மூச்சுக்காக மேலே வந்த ஒன்றைப் பார்த்து.

"போதும்," என்றார் அப்பா. "ஊட்டுக்குப் போ கண்ணு." அவருக்கு என்னால் அவமானமாக இருந்தது. கயிற்றைக் கையில் எடுத்தார். அக்கா சொம்போடு முன்னால் வந்தாள். அவள் உதடுகள் வெடித்திருந்தன. வாளி உருளையில் கிறீச்சிட்டுக்கொண்டு இறங்க ஆரம்பித்தது.

நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். செத்த மீனைக் கண்டு சுளித்த மூக்குகள் இன்னும் சுளித்தபடியே இருந்தன. அவ்வளவு அருவருப்பு அவர்களிடம் இருந்தது. அதில் ஒரு துளிகூடத் தண்ணீர் மேல் இல்லை. நான் சொல்லி அது அங்கே போகப்போவதும் இல்லை.

செத்த மீன்கள் இருந்த குடத்தைத் தூக்கிக் கிணற்றுக்குள் கவிழ்த்தேன்.

அவை விழுந்த சத்தம் சின்னதாகத்தான் இருந்தது. அப்பாவின் கையில் கயிறு நின்றது. வாளி பாதியில் தொங்கியது. பிறகு அம்மா என் கன்னத்தில் அறைந்தாள். அவள் என்னை அடித்தது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் முறை. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றார்கள், படிக்க வைத்தது தப்பு என்றார்கள். அக்காவின் சொம்பு காலியாக இருந்தது.

கிணற்றிலேயே செத்த மீனைத் தீட்டாக எண்ண மாட்டார்கள்; வெளியே செத்த பிணம் விழுந்த கிணற்றை முழுக்க இறைத்து, சுண்ணாம்பு அடித்து, பூசை போடாமல் யாரும் புழங்க முடியாது. அது தெருக் கட்டுப்பாடு. சித்தப்பாவே பட்டறையிலிருந்து ஆயில் எஞ்சினைக் கொண்டுவரச் சொன்னார். இப்போது அவர் சிரிக்கவில்லை. மத்தியானம் முழுவதும் எஞ்சின் ஓடியது. தண்ணீர் தெருச் சாக்கடையில் நுரைத்துக்கொண்டு போனது. நாய் ஒன்று முகர்ந்துவிட்டுத் தும்மியது.

தண்ணீர் இறங்க இறங்கக் கிணற்றுச் சுவர் வெளியே வந்தது. மேற்குப் பக்கக் கற்கள் வெறும் கற்களாக இருந்தன. கிழக்குப் பக்கம் கல் தெரியவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சவ்வு, சளியைப் போலக் கொத்துக்கொத்தாகத் தொங்கியது. அதற்குள் சிவப்புப் புழுக்கள் நெளிந்தன. கற்களின் சந்துகளிலிருந்து கஞ்சி நிறத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. எஞ்சின் எவ்வளவு இறைத்தாலும் அது நிற்கவில்லை. பிளீச்சிங் பவுடர் நாற்றம் மேலே வந்தது. அதன் அடியில் புளித்த கஞ்சி. அதன் அடியில் அந்த மற்றது. மூடியிருந்ததைத் திறந்த மாதிரி எல்லாம் ஒன்றாக வந்தது.

சுத்தம் செய்ய இறங்கியவர் பாதியிலேயே ஏறி வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். பங்குனி வரைக்கும் எல்லோரும் இதைத்தான் குடித்தார்கள். ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள், ஒவ்வொருவராக வீட்டுக்குள் போனார்கள். மூக்கை மூடிய பெரியம்மா சாக்கடை ஓரம் குனிந்து நின்றாள். அக்கா புழக்கடைக்குப் போனாள். அவள் ஓங்கரிக்கும் சத்தம் தெருவுக்கே கேட்டது.

கிணற்றின் அடியில் சேற்றில் குரவைகள் புரண்டுகொண்டிருந்தன.

அப்பா கிழக்குச் சுவரையே பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி மண்சுவரைப் பார்த்தார். அதற்கு அப்பால் பட்டறையின் புகைக்குழாய்.

"குமாரவேலு," என்றார். "குழியை மூடறேன்னு சொன்னியே."

சித்தப்பா எஞ்சினை நிறுத்தினார். "மீனு செத்தா மூடறேன்னுதானுங்ணா சொன்னேன். அது உசிரோடதானே கெடக்குது." கீழே கை காட்டினார். "மண்ணுக்கடியில போறதுக்கு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க."

அப்பா கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார். தெருவில் பாதிப் பேருக்குத் தைக்கத் துணி அவர் பட்டறையிலிருந்துதான் வருகிறது.

கிணறு திறக்கப்படவில்லை. சுண்ணாம்பும் அடிக்கவில்லை. இனி யாரும் புழங்கப்போவதில்லை என்று ஆன பிறகு, சித்தப்பா அப்பாவிடம் வந்து பேசினார். பட்டறைக் குழி நிறைந்துவிட்டது, சும்மா கிடக்கிற கிணறுதானே என்றார். அப்பா யோசித்துவிட்டுச் சரி என்றார். மண்சுவரில் ஓட்டை போட்டு ஒரு சிமென்ட் குழாய் வைத்தார்கள். நான் குடிக்க வேண்டாம் என்று சொன்ன கிணற்றில் இப்போது தொட்டித் தண்ணீர் நேராக விழுகிறது. அந்தச் சத்தம் எங்கள் சமையலறைக்குக் கேட்கிறது. சாப்பிடும்போது அது கேட்டால் நான் எழுந்துவிடுவேன்.

அப்பா காலையில் சைக்கிளில் இரண்டு பக்கமும் குடம் கட்டிக்கொண்டு மயிலாத்தாள் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். பிறகு தெருவில் மற்றவர்களும் போனார்கள். மயிலாத்தாளின் அப்பா தடுக்கவில்லை. அக்கா அந்தத் தண்ணீரைத்தான் குடித்தாள். ஆடியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை. தெரு என்னை இன்னும் கிணற்றைத் தீட்டாக்கினவள் என்றுதான் சொல்கிறது. என்னைப் பெண் பார்க்க வந்த ஒரு வீட்டாரிடமும் யாரோ சொல்லியிருந்தார்கள். அக்கா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

ஒரு சாயங்காலம் சித்தப்பா குழந்தையைப் பார்க்க வந்தார். அதன் கையில் காப்பு ஒன்றைப் போட்டார். மூக்கு எங்கள் அப்பன் மூக்கு என்றார். அம்மா தண்ணீர் கொடுத்தாள். ஒரு வாய் குடித்தவர் நிறுத்தி, அடுத்த வாயை நாக்கில் வைத்துச் சுழற்றினார்.

"எங்கத்த தண்ணிங்ணா இது?"

"மயிலாத்தா ஊட்டுத் தோட்டத்துது," என்றார் அப்பா.

"அதானே பார்த்தேன். உப்பே இல்லை." சொம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். "இந்தத் தண்ணிக்குத் துணி பாலாட்ட வெளுக்குமுங்ணா. அங்க வண்டிப்பாதை ஓரமா மேட்டாங்காடு சும்மாதான் கெடக்குது. புதுப் பட்டறை போட்டா அங்கதான் போடோணும்." என் பக்கம் திரும்பினார். "அம்மிணி, உன்ற சிநேகிதி அப்பங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறயா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மாட்டேனுங்க சித்தப்பா," என்றேன்.

"அட, நீ கேக்காட்டி நானே போய்க் கேட்டுக்கறேன்." சிரித்துக்கொண்டே சொம்பை மறுபடி வாய்க்குத் தூக்கினார்.

அக்கா குழந்தையைப் பாயில் கிடத்திவிட்டு எழுந்து வந்தாள். அவர் கையிலிருந்து சொம்பை வாங்கினாள். அதில் இன்னும் பாதித் தண்ணீர் இருந்தது. வாசலுக்குப் போய் அதைத் தெருவில் கொட்டினாள்.

"பொழுதாகுதுங்க சித்தப்பா," என்றாள். "கெளம்புங்க."